மச்சானின் கிளவுடில் ஆறு வருடக் குடித்தனம்

என் கணினியில் இப்போது வாடகைக்கு எடுத்த பொருள் ஒன்றுகூட இல்லை. எழுதும் மென்பொருள் இலவசம். படம் பார்க்கும் மென்பொருள் இலவசம். கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் பெட்டி இலவசம். இவை எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இயங்குதளமும் இலவசம். பார்க்கிறவர்கள் என்னைக் கொள்கைவாதி என்று நினைக்கிறார்கள். நானும் மறுப்பதில்லை. ஐம்பத்து மூன்று வயது ஆசாமியைப் பற்றி யாராவது தாமாக முன்வந்து உயர்வாக நினைத்தால், குறுக்கே போய்த் திருத்துவது நாகரிகமல்ல.

ஆனால் நான் கொள்கைக்காக மாறவில்லை, பயந்து மாறினேன். என் மச்சானைக் கிண்டல் செய்து நான் எழுதிய பதினோரு கட்டுரைகள், அதே மச்சான் மாதாமாதம் பணம் கட்டி வைத்திருந்த கிளவுடில், அவர் நினைத்தபோது திறந்து பார்க்கக்கூடிய ஒரு ஃபோல்டரில் கிடந்தன. அவர் பார்ப்பதற்குள் அவற்றை வெளியே கொண்டுவந்தாக வேண்டும். என் விடுதலைப் போராட்ட வரலாறு மொத்தமும் இவ்வளவுதான்.

மச்சான் என்பது என் மனைவியின் ஒரே தம்பி. பாரிசுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு மருத்துவமனையின் சமையலறையில் வேலை. அவர்களுடைய அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். தம்பி இருபது வயதில் விமானம் ஏறினார். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு இங்கே உப்பளம் பேட்டையிலேயே தங்கிவிட்டாள். இதில் யாருக்கு லாபம் என்று அவளிடம் கேட்கும் துணிச்சல் எனக்கு இதுவரை வந்ததில்லை. மச்சான் என்னைவிட ஐந்து வயது சின்னவர். இருந்தாலும், ஆறு வருடம் இடம் கொடுத்த மனிதரை ‘அவன்’ என்று எழுதக் கை வரவில்லை.

இடம் கொடுத்த கதை சுருக்கமானது. ஆறு வருடத்துக்கு முன் ஊருக்கு வந்தபோது தன்னுடைய பழைய லேப்டாப்பை எனக்குக் கொடுத்தார். பிரெஞ்சு விசைப்பலகை. ஏ இருக்க வேண்டிய இடத்தில் க்யூ உட்கார்ந்திருக்கும், க்யூவைத் தேடினால் ஏ சிரிக்கும். கையோடு தன்னுடைய குடும்பத் திட்டத்தில் என்னையும் சேர்த்து, தன் பெயரிலிருந்த ஒரு ஃபோல்டரை எனக்குத் திறந்துவிட்டு, எல்லாவற்றையும் பிரெஞ்சிலேயே அமைத்துக் கொடுத்தார். “வச்சிக்கோங்க மாமா, ஃபேமிலிதான” என்றார். அதிலிருந்த எழுதும் மென்பொருளும் அதே வாடகையில் அடங்கியது. சேமி என்று சொல்லவே வேண்டாம், தானாகச் சேமித்துக்கொள்ளும். நான் இங்கே ஒரு கமா போட்டால் அது கடல் தாண்டிப் போய் எங்கோ ஒரு கட்டடத்துக்குள் விழும். விழுந்த கமாவின் சொந்தக்காரர் மச்சான்.

அந்த இடத்தை வைத்துக்கொண்டு நான் செய்த முதல் காரியம் அவரைப் பற்றியே எழுதியது. என்னைக் குறை சொல்வதற்கு முன் அவரைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஆடி மாதமும் வீராம்பட்டினம் தேருக்கு வந்துவிடுவார். பெட்டியைத் திறந்தால் சோப்பு. தெருவையே குளிப்பாட்டும் அளவுக்குச் சோப்பு. பிறந்து வளர்ந்த ஊரில் நின்றுகொண்டு, இவ்வளவு வெயிலா என்று ஆச்சரியப்படுவார். பேக்கரியில் பிரெஞ்சில் ரொட்டி கேட்பார். கடைக்காரர் தமிழில் விலை சொல்வார். கண்ணில் பட்டதையெல்லாம் போனில் வீடியோ எடுப்பார்: இட்லி வேகும் ஆவி, தெருவில் படுத்திருக்கும் மாடு, அந்த மாட்டைச் சுற்றிப் போகும் ஆட்டோ. இப்படி ஒரு மனிதரை வீட்டில் வைத்துக்கொண்டு எழுதாமல் இருப்பது, மீன் மார்க்கெட்டுக்குள் குடியிருந்துகொண்டு சைவமாக இருப்பதைப் போன்றது. நான் அவ்வளவு பெரிய மனிதன் இல்லை.

பதினொன்றில் சிறந்தது என்று நான் பெருமைப்பட்டது என் மாமனாரின் சாவைப் பற்றிய கட்டுரை. நான்கு வருடத்துக்கு முன் நடந்தது. மச்சான் இரண்டாம் நாள் வந்து இறங்கி, பெட்டியை வைத்த கையோடு போனை எடுத்தார். பந்தல், பாடை, மாலை, ஒப்பாரி எல்லாவற்றையும் எடுத்தார். மேளக்காரர்களிடம் போய், அதே அடியை இன்னொரு தடவை அடிக்கச் சொன்னார். அவர்களும் அடித்தார்கள். அந்த இடத்தில் படிக்கிறவன் வயிற்றைப் பிடித்துக்கொள்வான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதற்காகவே மூன்று தடவை திருத்தி எழுதினேன்.

சின்னப் பதிப்பகம் ஒன்று பதினொன்றையும் புத்தகமாகப் போடுவதாகச் சொல்லியிருந்தது. அது பாரிஸ் வரை போகாது, பல சமயம் விழுப்புரம் வரைகூடப் போகாது என்பதால் எனக்குக் கவலையில்லை. மச்சான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். கண் டாக்டர் அட்டையைப் படிப்பதுபோல ஒவ்வொரு எழுத்தாகத்தான் அவருக்குத் தமிழ் வரும். எனவே தமிழில் எழுதுவதே போதுமான பூட்டு என்று நினைத்துக்கொண்டு, அவர் வீட்டுப் பரணில் அவருக்கு எதிரான ஆவணங்களை அடுக்கி வைத்திருந்தேன்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது மச்சான் இரண்டு விஷயம் சொன்னார். கிளவுடில் இடம் நிரம்பிவிட்டது, இந்த வக்கான்ஸுக்கு, அதாவது விடுமுறைக்கு, ஊருக்குக் கிளம்புவதற்குள் எல்லா ஃபோல்டரையும் திறந்து பார்த்துச் சுத்தம் செய்யப் போகிறார் என்பது ஒன்று. இரண்டாவதை அவர் வார்த்தையிலேயே சொல்ல வேண்டும்.

“போன் இப்ப தமிழ அதுவே படிச்சிக் காட்டுது மாமா. ஒங்க கதயெல்லாம் இனிமே கேக்கலாம்.”

ரொம்ப சந்தோஷம் மச்சான் என்றேன்.

வெறுமனே அழித்துவிட முடியாது. புத்தகம் வர வேண்டும். எடுத்து வைக்கலாமென்றால், அந்த வாடகை மென்பொருளில் எதைத் திறந்தாலும் அது ஓடிப்போய் மறுபடியும் மச்சான் வீட்டில் உட்கார்ந்துகொள்ளும். அப்போதுதான் என் நண்பர் ஒருவரின் நினைவு வந்தது. எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், பாட்டில் மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர். பத்து வருடமாக என்னை மதம் மாற்றப் பார்த்துக்கொண்டிருந்தவர். யாருக்கும் வாடகை கட்ட வேண்டாத மென்பொருளைக் கட்டற்ற மென்பொருள் என்பார். கல்யாணமாகி இருபத்தாறு வருடமான ஒருவனுக்கு அந்தச் சொல்லில் ஒரு கவர்ச்சி இருக்கத்தான் செய்கிறது.

போன் செய்து, மனம் திருந்திவிட்டேன் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. மதம் மாற்றுகிறவர்கள் கேட்பதில்லை. நான் மட்டும் நிறுவனங்களின் ஆதிக்கம், தனியுரிமை, நம் எழுத்து நம் கையில் என்றெல்லாம் கால் மணி நேரம் பேசினேன். அவர் குரல் தழுதழுத்தது.

அடுத்த மூன்று வாரம் தேர்ந்தெடுப்பதில் போனது. கட்டற்ற உலகத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஏழு மென்பொருள் இருக்கின்றன. முதல் மென்பொருளைச் செய்தவரோடு சண்டை போட்டுக்கொண்டு போனவர் இரண்டாவதைச் செய்திருக்கிறார். அவரோடு கோபித்துக்கொண்டவர் மூன்றாவதை. நம் ஊர்க் கட்சிகளைப் போலத்தான், கொடியில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம். எது நல்லது என்று நண்பரைக் கேட்டால், உங்கள் தேவை என்ன என்று திருப்பிக் கேட்பார். மச்சான் கண்ணில் படாமல் இருப்பது என்று சொல்ல முடியாமல், பக்க எண் போட வேண்டும் என்றேன்.

பக்க எண்ணைப் பற்றி ஓர் இணைய மன்றத்தில் கேட்டுப் பார்க்கச் சொன்னார். கேட்டேன். ஒருவர் எனக்குப் பக்க எண் எதற்கு என்று விசாரித்தார். இன்னொருவர், இதே கேள்விக்கு முன்பே பதில் சொல்லியாகிவிட்டது, தேடாமல் கேட்பது சமூகத்தை அவமதிப்பது என்றார். மூன்றாமவர் முதல் இருவரோடு சண்டைக்குப் போனார். இலவசமாகக் கிடைக்கும் பொருளுக்கு இவ்வளவு ஏச்சும் இலவசமாகவே கிடைப்பதை நான் நியாயம் என்றே கருதினேன்.

எழுதும் மென்பொருள்களை ஒப்பிட ஓர் அட்டவணையும் போட்டேன். தமிழ் ஒழுங்காகத் தெரிகிறதா, பழைய கோப்புகளைத் திறக்கிறதா, படம் நகர்ந்து ஓடுகிறதா என்று பத்தி பத்தியாக. ‘தப்பிக்கும் வழிகள்’ என்று அதற்குப் பெயரும் வைத்தேன். அந்த அட்டவணையைப் போட்டது வாடகை மென்பொருளில் என்பதும், அது நான் தப்பிக்க நினைத்த இடத்திலேயே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது என்பதும் நான்காம் நாள்தான் உறைத்தது.

கடைசியில் ஒரு சனிக்கிழமை நண்பரே வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னுமாக எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தார். புதிய எழுதும் மென்பொருளின் படக்குறிகளை மனிதர்கள் மேல் நம்பிக்கை இழந்த யாரோ வரைந்திருந்தார்கள். ஆனால் வேலை செய்தது. எழுதினால் எழுதிய இடத்திலேயே இருந்தது. எங்கும் ஓடவில்லை. சேமி என்று நான் சொன்ன பிறகே சேமித்தது. இவ்வளவு மரியாதையை என் வீட்டில் வேறெதுவும் எனக்குக் கொடுத்ததில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மனைவி மீன் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். பதினோரு கட்டுரைகளையும் ‘தப்பிக்கும் வழிக’ளையும் லேப்டாப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று பிரதி எடுத்தேன். பிறகு கிளவுடைத் திறந்து, பன்னிரண்டையும் தேர்ந்தெடுத்து, அழி என்பதை அழுத்தினேன்.

ஒரு பெட்டி வந்து நின்றது. அதில் பிரெஞ்சில் மூன்று வரி. கீழே ‘உய்’, ‘நோன்’, அதாவது ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்.

என் பிரெஞ்சைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். அது பேக்கரி வாசலில் ஆரம்பித்து பேக்கரி வாசலிலேயே முடிந்துவிடும். மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இந்த ஊர்க்காரன், அதிலும் எழுத்தாளன் என்றால் வெளியூர்க்காரர்கள் தாங்களாகவே முடிவு செய்துகொள்கிறார்கள். சென்னையிலிருந்து வரும் நண்பர்கள் தெருப் பெயர்ப் பலகைகளைக் காட்டி அர்த்தம் கேட்பார்கள். நானும் சொல்வேன். ஒருவரும் சரிபார்த்ததில்லை. என் மனைவியோ கன்னியாஸ்திரிகளிடம் பிரெஞ்சு படித்தவள். அந்த மூன்று வரியை மூச்சு விடுவதற்குள் படித்துச் சொல்லியிருப்பாள். ஆனால் யாருக்குத் தெரியக்கூடாது என்று வேலை நடக்கிறதோ அவளிடமே எப்படிக் கேட்பது? போனில் மொழிபெயர்த்துப் பார்த்திருக்கலாம். அது, இத்தனை வருடம் கட்டிக் காத்த பெயருக்கு, யாரும் பார்க்காத இடத்தில்கூட ஒரு இழுக்காகத் தோன்றியது. முதல் வரியில் ஒரு வார்த்தை புரிந்தது. படித்தவர்கள் அதற்கு மேல் படிப்பதில்லை. உய்.

பன்னிரண்டும் மறைந்தன. மார்க்கெட்டிலிருந்து வந்த மனைவி, என்ன முகம் இப்படிப் பளிச்சென்று இருக்கிறது என்று கேட்டாள்.

அடுத்த பத்து நாள் நான் தாங்க முடியாத மனிதனாக இருந்தேன். தெரிந்தவர்களிடமெல்லாம் தன்னுரிமை பற்றிப் பேசினேன். பிறர் நிலத்தில் வீடு கட்டக்கூடாது என்றேன். மனைவியின் போனைப் பார்த்து, நீயும் உன் தம்பியின் தயவில் எத்தனை நாள் படம் சேமிப்பாய் என்று கேட்டேன். அவன் என் தம்பிதானே என்றாள். கொள்கை தெரியாதவர்களோடு என்ன பேச முடியும்?

இதற்கு நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை போனில் மச்சான் என்னோடு பேசவில்லை. அக்காவோடு மட்டும் பேசினார், அதுவும் கொஞ்சமாக. தேருக்கு எப்போது வருகிறாய் என்று அவள் கேட்டதற்கு, பார்க்கலாம் என்றிருக்கிறார். அவர் தேருக்கு வராத வருடமே கிடையாது. பார்க்கலாம் என்ற வார்த்தை அவள் வாயில் இரண்டு நாள் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் அவள் கேட்டுக் கேட்டு, அவர் ஒரு மின்னஞ்சலை அவளுக்கு அனுப்பிவைத்தார்.

போனை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். பிரெஞ்சில் இருந்ததைத் தமிழில் சொன்னாள். உங்கள் ஃபோல்டரிலிருந்து இன்னார் பன்னிரண்டு கோப்புகளை அகற்றியிருக்கிறார். அவை முப்பது நாள் உங்கள் குப்பைத்தொட்டியில் இருக்கும். விரும்பினால் திறந்து பார்க்கலாம். அழிப்பதற்கு முன் இன்னாருக்கு இது தெரிவிக்கப்பட்டு, அவருடைய சம்மதம் பெறப்பட்டிருக்கிறது.

ஆறு வருடம் அந்தக் கோப்புகள் அவர் வீட்டில் கேட்பாரற்றுக் கிடந்தன. சுத்தம் செய்யப் போவதாக அவர் சொன்னதுகூட, பெரிய வீடியோக்களைத்தான் என்று பிறகு தெரிந்தது. நான் ஒளித்ததால்தான் அவர் திறந்தார்.

கீழே பட்டியல் இருந்தது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கிற குரலில் படித்தாள். மச்சானும் சோப்பும். மச்சான் பேக்கரியில். மச்சானுக்கு வேர்க்கிறது. தப்பிக்கும் வழிகள். கடைசியாக ஒன்றைப் படித்தாள்: மாமனார் சாவு, சிரிப்பு, இறுதி மூன்று.

போனை மேசையில் குப்புற வைத்தாள்.

“மூணு தடவ எழுதுனீங்களா?”

நான் எழுதிய எதற்கும் இவ்வளவு சுருக்கமான விமரிசனம் வந்ததில்லை. தலையாட்டினேன். படிக்க வேண்டும் என்றாள். என் சுதந்திர மென்பொருளில் திறந்து கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். மேளக்காரர்கள் வரும் இடத்தில் அவள் வாய் ஒரு பக்கம் லேசாக இழுத்தது. உடனே அதை அடக்கிக்கொண்டாள்.

“நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. அதான் கஷ்டமா இருக்கு” என்றாள். பிறகு, “அப்பா போனப்பறம் எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான். அவன் வரலைன்னா நான் என்னா பண்றதுன்னு நீங்களே எழுதுங்க.”

சண்டை போடவில்லை. சமைத்தாள், பரிமாறினாள், தேவையானதைப் பேசினாள். ஒவ்வொரு நாளும் ஒரு தடவை போனை எடுத்து, தம்பி ஏதாவது அனுப்பியிருக்கிறானா என்று பார்த்துவிட்டு வைத்தாள். நான் மச்சானுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவில் இரண்டு ஜோக் இருந்தது. அடித்தேன். இரண்டாவது வரைவில் ஒன்று. மூன்றாவது வரைவை அனுப்பத் துணிவில்லாமல் வைத்துவிட்டேன்.

தேருக்கு மூன்று நாள் முன்பு, காலை ஒன்பது மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. அக்கா ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். மச்சான் என்னைப் பார்த்து, “போன்ழூர் மாமா” என்றார், எப்போதும்போல. பெட்டியைத் திறந்தார். சோப்பு, எப்போதும்போல. எனக்கென்று தனியாக நாலு எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். ஒரு மனிதனை இதைவிடச் சுத்தமாக அடிக்க முடியாது.

மறுநாள் காலை மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அந்த வாரம் வீட்டில் எல்லா வேலையும் எனக்குத் தானாக வந்தது. மச்சான் காப்பி டம்ளரோடு மேலே வந்து, தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தார்.

“பதினோண்ணுல பத்து நல்லாருக்கு மாமா” என்றார். “சோப்பு விஷயம் உண்மதான். அங்க தள்ளுபடில போடுவான், அள்ளிக்குனு வந்துடுவேன். ரொட்டிக்காரர் கதைய எங்க கிச்சன்ல எல்லாருக்கும் பிரெஞ்சுல சொன்னேன். சிரிச்சானுங்க.”

நான் ஒரு பனியனை நாலு தடவை உதறினேன்.

“அப்பாது மட்டும், வேலைக்கிப் போறப்ப காலைல டிரெயின்ல கேட்டேன். அந்த போன் பொம்பள இருக்காளே, சிரிக்காம படிக்கறா. எங்க சிரிக்கணும்னு எனக்குத் தெரியல.”

நான் தயாரித்து வைத்திருந்ததை ஆரம்பித்தேன். நகைச்சுவை என்பது, துக்கத்தை, ஒரு விதத்தில், என்று மூன்று கமா தாண்டுவதற்குள் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“வீடியோ எடுத்தேன்னு எழுதியிருக்கீங்க. எதுக்கு எடுத்தேன்னு நீங்க கேக்கவே இல்லியே.”

எதுக்கு என்று கேட்டேன். நான்கு வருடம் கழித்து.

“எனக்குக் குடுத்தது ஒரு வாரம் லீவு. கருமாதிக்கிகூட இருக்க முடியல. வந்து எறங்குனதுலேர்ந்து பந்தக்காரன் காசு கேக்கறான், வர்றவங்களுக்குக் காப்பி, ஐஸ் பொட்டிக்காரன் ஒரு பக்கம். நான் எங்க அழறது? சரி, அங்க போயி அழுதுக்கலாம்னு எல்லாத்தையும் எடுத்துக்குனு போனேன்.” காப்பியை ஒரு வாய் குடித்தார். “மோளம் அடிக்கறப்ப கை நடுங்கிடுச்சி. படம் சரியா உழல. அதான் இன்னொரு தடவ அடிக்கச் சொன்னேன்.”

நான் அந்த இடத்தில் இருந்தேன். இரண்டடி தள்ளி நின்றேன். கை நடுங்கியதைப் பார்க்கவில்லை. இன்னொரு தடவை என்று கேட்டதை மட்டும் பார்த்தேன், அது வேடிக்கையாக இருந்தது, வீட்டுக்கு வந்து குறித்துக்கொண்டேன்.

“புத்தகத்திலிருந்து அதை எடுத்துடறேன் மச்சான்” என்றேன்.

“எடுக்காதீங்க. அக்கா நல்லாருக்குன்னு சொல்லுது. இதையும் சேத்து எழுதுங்க.”

நாலு வரி எழுத மூன்று நாள் ஆனது. தேரன்றைக்கு அவர்கள் இருவரும் வீராம்பட்டினம் போய்த் திரும்பியபோதும் நான் அதே பக்கத்தின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வாக்கியமும் முடியப் போகிற இடத்தில் பழக்கதோஷமாக ஒரு கிண்டலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றது. அதைப் பிடுங்கிவிட்டால் வாக்கியம் நிற்க மாட்டேன் என்றது. முப்பது வருடமாக இதுதான் பிழைப்பு, வேறு எதையும் கற்றுக்கொள்ளவில்லை. கடைசியில் அவர் மாடியில் சொன்னதை, அவர் சொன்ன வரிசையிலேயே, மேளக்காரர்களுக்கு அடுத்தபடியாக எழுதிவிட்டுக் கூப்பிட்டேன். போனை வைத்துப் படிக்கச் சொல்லலாம் என்றேன். வேண்டாம், நானே படிக்கிறேன் என்றார்.

திரைக்குப் பக்கத்தில் குனிந்து நின்று, எழுத்துக்குக் கீழே விரலை வைத்து, உதடு அசைய ஒவ்வொன்றாகப் படித்தார். நாலு வரிக்கு வெகுநேரம் ஆனது. அக்கா கதவுப் பக்கம் வந்து நின்றாள்.

“இதுல சிரிப்பு வர்லியே மாமா” என்றார்.

“வராது மச்சான்.”

அவர் மேலே நகர்த்தச் சொன்னார். மேளக்காரர்கள் வருகிற இடத்துக்கும் மேலே, அப்பா என்ற வார்த்தை முதலில் வரும் வரியில் விரலை வைத்து, மறுபடியும் படிக்க ஆரம்பித்தார். நான் எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டேன்.